விடுபட்ட பகுதிகள்

தீர்ப்பாயத்தின் பதிவறைக் கணினியில் அந்த ஹார்டு டிஸ்க்கைப் பொருத்தியபோது திரையில் ஒன்றும் வரவில்லை. எழுத்தர் தண்டபாணி கம்பியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி செருகிப் பார்த்தார். அப்போதும் வரவில்லை. அதற்குமேல் கணினியோடு மாரடிக்கும் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். டிரைவரை அப்டேட் செய்து, கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டார். டிஸ்க் உயிர் பெற்றது. படம் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது.

அந்தப் படத்தில், இறந்துபோன திருமூர்த்தி வேலை முடிந்து வீட்டுக்குப் போனார்.

கணினியையும் டிஸ்க்கையும் ஒன்றோடொன்று பேசவைக்கும் சிறு நிரலுக்குத்தான் டிரைவர் என்று பெயர். முன்பெல்லாம் டிஸ்க்கில் ஓரிடம் கெட்டுப்போனால், இங்கே படிக்க முடியவில்லை என்று அது அப்படியே சொல்லிவிடும். படம் பாதியில் நிற்கும். கோப்பு திறக்காது. புதிய டிஸ்க் கிடைப்பது அரிதாகி, பழையவற்றையே எல்லோரும் ஓட்டோ ஓட்டென்று ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் ‘நிறைவு’ என்ற டிரைவர் வந்தது. அது டிஸ்க்கில் மிச்சமிருப்பதையெல்லாம் படித்து, கெட்ட இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று கணித்து நிரப்பிவிடும். அதன்பின் யாருடைய டிஸ்க்கும் பழுதாகவில்லை.

சின்னச் சின்ன மாற்றங்கள் இருந்தன. ஒரு கல்யாண வீடியோவில் பந்தியில் சண்டை போட்டு எழுந்துபோன மாமா உட்கார்ந்து பாயசம் குடித்தார். தெருமுனையில் அச்சு முறிந்து பாதி நாள் நின்ற தேர், படத்தில் நிற்காமல் நிலைக்கு வந்து சேர்ந்தது. ஓர் ஊராட்சியின் வரைபடத்தில் வளைந்து போன வாய்க்கால் நேராகியிருந்தது. வாய்க்காலை ஒட்டி நிலம் வைத்திருந்த ஒருவர் மட்டும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். மற்றவர்களுக்கு எல்லாம் சரியாகவே இருந்தது.

திருமூர்த்தி கோவைக்கு வெளியே ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். உடுமலைக்காரர். அவர் உடல் தொழிற்சாலையின் பின்புறச் சாலையில் கிடந்தது. ஷிப்ட் முடிந்து போனவரை ஏதோ வண்டி அடித்துவிட்டது என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்தது. துக்கத்துக்கு வந்த இரண்டு பேர் அவர் மனைவி கோகிலவாணியின் காதோடு வேறு சொன்னார்கள். கிரேனில் தொங்கிய மணல் அச்சுப் பெட்டி அறுந்து விழுந்தது, உள்ளேதான் அடிபட்டார், தூக்கிக்கொண்டுபோய் ரோட்டில் போட்டார்கள். சாட்சிக்கு அழைத்தபோது அவர்களில் ஒருவர் ஊரிலேயே இல்லை. மற்றவர் தனக்கு அன்றைக்கு விடுமுறை என்றார்.

மிஞ்சியது தொழிற்சாலையின் கண்காணிப்பு கேமராப் பெட்டி. ஆய்வாளர் ஒருவர் மறுநாளே அதன் டிஸ்க்கைக் கைப்பற்றி விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஒப்படைத்திருந்தார். திருமூர்த்தி எங்கே இறந்தார் என்பதற்கு உலகத்தில் வேறு சாட்சி இல்லை. உள்ளே இறந்தார் என்றால் கோகிலவாணிக்கும் அவர் மகளுக்கும் மாத ஓய்வூதியம் உண்டு. ரோட்டில் இறந்தார் என்றால் ஒன்றுமில்லை.

முதல் விசாரணையில் படத்தைப் போட்டார்கள். திருமூர்த்தி குழாயில் முகம் கழுவி, துண்டால் துடைத்து, ஹெல்மெட்டை ஆணியில் மாட்டிவிட்டு, மொபட்டை உருட்டிக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே போனார். காவலாளி தலையை ஆட்டினார்.

“வண்டி அன்னிக்கு ஷெட்லயேதான் நின்னுச்சுங்க,” என்றார் கோகிலவாணி. “மக்யாநாள் எந்தம்பிதான் போயி எடுத்துட்டு வந்தான்.”

யாரோ மொபட்டைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொன்னார். தீர்ப்பாயம் அதைக் குறித்துக்கொண்டது. மொபட்டைச் சந்தேகப்பட்டார்கள், காவலாளியைச் சந்தேகப்பட்டார்கள். படத்தை யாரும் சந்தேகப்படவில்லை.

கோகிலவாணியின் வக்கீல் நசீருத்தீன் மனு மேல் மனு போட்டு, டிஸ்க்கை வெளியாள் ஒருவர் ஆராய அனுமதி வாங்கினார். காந்திபுரத்தில் மாடியறை ஒன்றில் தொழில் செய்யும் சகாயராணியிடம் அது வந்தது. கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து தகவலை மீட்பது அவர் வேலை. நிறைவு வந்த பிறகு அவரிடம் வருகிறவர்கள், டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏதோ சரியில்லை என்று சொல்லத் தெரியாமல் நிற்பவர்கள்.

“உங்க படியேறி வந்ததுல நெஞ்சுக்குள்ள கடகடன்னு சத்தம் வருது மேடம்,” என்றார் நசீருத்தீன், நாற்காலியில் சாய்ந்தபடி.

“அப்டேட் போட்டுப் பாருங்க சார். சத்தம் நின்னுரும்.”

“நெஞ்சும் சேர்ந்து நின்னுரும்.”

கோகிலவாணி சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவருக்குச் செக்கிங் வேலை. அன்றைக்கு அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்திருந்தார்.

சகாயராணியிடம் இணையத்தோடு சேராத பழைய கணினி ஒன்று இருந்தது. அதில் நிறைவு ஏறியதே இல்லை. டிஸ்க்கை அதில் பொருத்தினார். கெட்ட இடங்களில் படம் அறுந்து அறுந்து வரும், அந்த அறுந்த இடங்களே போதும், நிரப்பப்பட்டது எது என்று தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. படம் எங்கும் அறவில்லை. திருமூர்த்தி முகம் கழுவினார். மொபட்டை உருட்டினார்.

“ஐயோ,” என்றார் சகாயராணி மெதுவாக. “படிச்சது மட்டுமில்லீங்க. எழுதியும் வச்சிருக்கு.”

டிரைவர் நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். பிரசன்னா என்று பேர் சொன்ன இளைஞர் பேசினார். மற்ற இருவருக்கும் கேட்கும்படி சகாயராணி ஒலிபெருக்கியைப் போட்டு வைத்தார்.

“மேடம், அது பிழை இல்லீங்க. அதோட வேலையே அதுதான். கெட்ட இடத்த விட்டு வச்சா டிஸ்க் சீக்கிரம் போயிடும். அதனால நிரப்புனதைப் பத்திரமா எழுதி வச்சிடும்.”

“நிரப்புனதுன்னு ஒரு அடையாளமாவது வைக்கக் கூடாதா தம்பி?”

“மொதல்ல வச்சோம் மேடம். ஓரத்துல சின்னதா ஒரு மஞ்சக் கோடு. காதுகுத்து வீடியோல கோடு தெரியுது, கல்யாண வீடியோல கோடு தெரியுதுன்னு ஒரே புகார். எடுத்துட்டோம்.”

“இது கல்யாண வீடியோ இல்ல. ஒரு ஆள் செத்ததுக்குச் சாட்சி.”



“அந்த டிஸ்க்ல மத்த நாள் படமெல்லாம் இருக்குமா மேடம்?”

“இருக்கு. மாசக்கணக்குல இருக்கு.”

“அதுல எல்லா நாளும் அவரு வேலை முடிச்சு வெளிய போயிருப்பாரு. ஒரே ஒரு நாள்தான் போகல. டிரைவர் எத நம்பும்? அதிகம் நடந்ததத்தான் நம்பும். விபத்துங்கறதே நடக்காததுதானே மேடம். எப்பவாவது நடக்கறதுதானே.” அவர் குரல் இறங்கியது. “நான் சொல்றது சரியா வரல. மன்னிச்சுக்கங்க.”

“பரவால்ல தம்பி, புரிஞ்சுது,” என்று சகாயராணி போனை வைத்தார்.

கீழே தெருவில் ஒரு பேருந்து விடாமல் ஹாரன் அடித்தது. கெட்ட இடம் ஏன் சரியாக அந்த நேரத்துப் படத்தில் விழுந்தது என்று நசீருத்தீன் கேட்டார். கேமராப் பெட்டி எங்கே இருந்தது என்று சகாயராணி திருப்பிக் கேட்டார். தூணில் அறைந்த பலகைமேல் இருந்ததாகவும், அந்தத் தூண்மேல்தான் கிரேன் ஓடும் தண்டவாளம் உட்கார்ந்திருந்ததாகவும் ஆய்வாளர் எழுதியிருந்தார்.

“அப்போ அந்த மணல் அச்சுப் பெட்டி விழுந்த அதிர்ச்சியிலதான் டிஸ்க்குல கீறல் விழுந்திருக்கு,” என்றார் சகாயராணி. “எழுதிட்டு இருந்த ஊசி எழுதுற எடத்துலயே மோதியிருக்கு.”

“இனி ஒண்ணும் பண்ண முடியாதுங்களா?” கோகிலவாணி அன்று கேட்ட முதல் கேள்வி அது.

“ஒரு வழி இருக்கு. ஒவ்வொரு டிஸ்க்குலயும் உபரியா கொஞ்சம் எடம் விட்டிருப்பாங்க. நிரப்புனத அந்த உபரி எடத்துல எழுதிட்டு, இனிமே அங்க போகாத, இங்க வந்து படின்னு டிஸ்க்குக்குள்ளயே ஒரு குறிப்பு வச்சிருக்கும். அந்தக் கீறல் விழுந்த எடம் போகல. அங்கயேதான் இருக்கு. அந்தப் பக்கம் யாரும் போறதில்ல, அவ்வளவுதான்.”

“அந்தக் குறிப்ப அழிச்சா?”

“பழைய எடத்துக்கே போகும். ஆனா ஊசி அந்தக் கீறல்ல உரசும். கெடச்சாலும் கெடைக்கும், டிஸ்க்கு மொத்தமா போனாலும் போகும். ரெண்டாந்தடவை முயற்சி பண்ண முடியாது.”

நசீருத்தீன் எழுந்து நின்றார். “அம்மணி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நம்ம கையில இருக்கறப்ப டிஸ்க்கு போச்சுன்னா, சாட்சிய அழிச்சது நாமதான்னு சொல்லுவாங்க. அவங்க எடுத்து வச்ச படம்தான் நிக்கும். கேஸு அதோட முடிஞ்சுது.”

“இப்ப இருக்கறதே இல்லாததுதானுங்களே,” என்றார் கோகிலவாணி. “போனா போகட்டும்ங்க.”

சகாயராணி வேலையைத் தொடங்குமுன் ஒரு விஷயம் கேட்டார். கேட்கலாமா என்று அவருக்கே தயக்கமாக இருந்தது. “குறிப்ப அழிச்சா இந்தப் படம் டிஸ்க்ல இருக்காது. உங்களுக்கு வேணும்னா, ஒரு காப்பி எடுத்துத் தரட்டுமா?”

“ஒருக்காப் போடுங்க, பாத்துக்கறேன்.”

போட்டார். முகம் கழுவி நிமிர்ந்த திருமூர்த்தி ஈரக்கையை இரண்டு முறை உதறினார்.

“இப்படித்தான் ஒதறுவாரு. மேலெல்லாம் தெறிக்கும்,” என்றார் கோகிலவாணி. மொபட் வாசலைத் தாண்டும்வரை பார்த்தார். “இதுக்கப்பறம் எங்க போறாருங்க?”

“எங்கயும் போகல. கேமராவுக்கு எட்டறது அவ்வளவுதான்.”

“காப்பி வேண்டாங்கக்கா. ஊட்ல பாப்பா பாத்தா, அப்பா ஏன் இன்னும் வரலன்னு கேப்பா. இப்பத்தான் கேக்கறத நிறுத்தியிருக்கறா.”

சகாயராணி முதலில் நல்ல பகுதிகளை எல்லாம் வேறு டிஸ்க்குக்குப் படியெடுத்தார். பிறகு குறிப்பை அழித்தார். டிஸ்க்கைச் சின்ன விசிறி ஒன்றின்முன் வைத்து, ஒரு கட்டத்தைப் படித்ததும் நிறுத்தி, ஆறவிட்டு, அடுத்ததற்குப் போகும்படி செய்தார். அது ரேழியில் பல்லி கத்துவதுபோல் விட்டுவிட்டுச் சத்தமிட்டது. நாள் முழுக்க அது நடந்தது. சாயந்திரம் சத்தம் உரசலாக மாறியது. அதன்பின் நின்றுபோனது. அதற்குள் கிடைத்தவரை கிடைத்திருந்தது.

மறுநாள் இருவரும் மறுபடி வந்தார்கள். படம் என்று அதைச் சொல்ல முடியாது. திரையில் பாதிக்குமேல் கறுப்புக் கட்டங்கள். கிரேனில் ஒரு பெட்டி ஆடுகிறது. கறுப்பு. தரையில் மணல், சாய்ந்த பெட்டி, அதனடியில் ஒரு ஜோடிச் செருப்பு. கறுப்பு. மேஸ்திரிபோல் ஒருவர் போன் பேசுகிறார். கறுப்பு. நான்கு பேர் ஒரு தகரத்தின்மேல் யாரையோ கிடத்திப் பின்வாசல் பக்கம் தூக்கிப் போகிறார்கள். ஒரு படச்சட்டத்தில் முகம் தெரிந்தது. திருமூர்த்திதான்.

“போதும்,” என்றார் நசீருத்தீன். “இது போதும் மேடம். பின்வாசல் தெரியுது, ஆள் தெரியுது.”

கோகிலவாணி திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். “அந்தக் கை அசையுதுங்களா?”

தகரத்துக்கு வெளியே ஒரு கை தொங்கியது. ஒரு சட்டத்தில் அது கீழே இருந்தது. நடுவில் கறுப்பு. அடுத்த சட்டத்தில் மார்மேல் இருந்தது.

“யாராவது எடுத்து வச்சிருக்கலாம்,” என்றார் சகாயராணி.

“அவரே எடுத்திருக்கலாமுங்களா?”

“இருக்கலாம். நடுவுல ஒண்ணுமே கெடைக்கல கண்ணு. என்னால சொல்ல முடியாது.”

கோகிலவாணி அந்தக் கறுப்புக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தூக்கிக்கொண்டு போகும்போது அவருக்கு உயிர் இருந்ததா, ரோட்டில் எவ்வளவு நேரம் கிடந்தார் என்பதெல்லாம் அதற்குள் இருந்தது. “சரிங்க,” என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

மீட்ட படத்தைத் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்தார்கள். தண்டபாணி அதைப் பதிவறைக் கணினியில் ஏற்றினார். ஏற்றி முடித்ததும் திரையில் ஒரு சிறு பெட்டி வந்தது. ‘இந்தக் கோப்பில் விடுபட்ட பகுதிகள் உள்ளன. சரிசெய்யலாமா?’ கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் ‘ஆம்’ என்றும் மற்றதில் ‘பிறகு’ என்றும் இருந்தது.

“வேண்டாம்னு ஒண்ணு இல்லீங்களா?” என்று கேட்டார் நசீருத்தீன்.

“இல்லீங்க சார். இது புது அப்டேட். இப்பல்லாம் டிஸ்க்கு கெடணும்னுகூட இல்ல, கோப்புல ஓட்டை இருந்தாலே கேக்குது.” தண்டபாணி அம்பை ‘பிறகு’ என்பதன்மேல் கொண்டுபோய் வைத்து, ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு அழுத்தினார். “போன தடவை நான் நல்லதுன்னு நெனச்சுத்தான் சார் பண்ணினேன்.”

“உங்கள யாரும் குத்தம் சொல்லலீங்க.”

இந்த டிரைவரைக் கழற்ற முடியாதா என்று நசீருத்தீன் விசாரித்தார். அரசுக் கணினிகளுக்கெல்லாம் அது சென்னையிலிருந்து தானாக வந்து இறங்குகிறது, கழற்றினால் மறுநாள் மறுபடி ஏறிவிடும் என்றார்கள். விலக்குக் கேட்டு மனுப் போட்டார். அது எங்கோ மேலே போனது. சகாயராணியிடம் இன்னொரு காப்பி இருக்கிறதே என்று கோகிலவாணி கேட்டதற்கு, அது உதவாது என்று வக்கீல் தலையசைத்தார்.

“சட்டப்படி தீர்ப்பாயத்துக் கணினியில இருக்கறதுதான் மூலம், அம்மணி. அதுக்கும் நம்ம காப்பிக்கும் வித்தியாசம் வந்தா, நம்முளுதுதான் தப்பு.”

“அப்ப அந்தப் பொட்டியில யாராவது ‘ஆம்’னு அமுத்திட்டா?”

“தீர்ப்பு வர்ற வரைக்கும் யாரும் அமுத்தக் கூடாது. அமுத்த மாட்டாங்க. தண்டபாணி இருக்காரில்ல.”

கணினியை ஒவ்வொரு காலையிலும் போடுவார்கள். ஒவ்வொரு காலையிலும் அந்தப் பெட்டி வந்து கேட்கும். கோகிலவாணி கம்பெனியில் பேசிப் பிற்பகல் ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டார். காலையில் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு பஸ் பிடித்துத் தீர்ப்பாயத்துக்கு வருவார். பதிவறைக் கதவுக்கு வெளியே நிற்பார். முதலில் தண்டபாணிக்குச் சங்கடமாக இருந்தது. பிறகு அவரே உள்ளே ஒரு ஸ்டூல் போட்டுவிட்டார். கணினி விழிக்கும், பெட்டி வரும், அவர் ‘பிறகு’ என்பதை அழுத்துவார், கோகிலவாணி பார்த்துவிட்டு, “வர்றனுங்க” என்று எழுந்து பஸ்ஸுக்குப் போவார். வேறு பேச்சு இருக்காது. மழைநாளில் ஒருமுறை பஸ் வரத் தாமதமானபோது, தண்டபாணி கணினியைப் போடாமல் காத்திருந்தார். அதற்கு மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

விசாரணை தள்ளிப்போனது. எதிர்த்தரப்பு வக்கீல் மாறினார். தீர்ப்பாயத் தலைவர் மாற்றலாகி, புதியவர் வழக்கை முதலிலிருந்து கேட்க வேண்டும் என்றார். கோகிலவாணியின் மகள் அடுத்த வகுப்புக்குப் போனாள்.

ஒரு திங்கட்கிழமை தண்டபாணியின் இடத்தில் ஓர் இளம்பெண் இருந்தார். தண்டபாணிக்குப் பொள்ளாச்சிக்கு மாற்றல் ஆகிவிட்டது என்றும், தன் பேர் யாழ்மொழி என்றும் சொன்னார். ஸ்டூலை அவரே இழுத்துப் போட்டார். “உட்காருங்கக்கா. அவரு சொல்லிட்டுத்தான் போனாரு. காலையில ஒரு அக்கா வருவாங்க, அவங்க வர்றதுக்கு முன்னாடி எதையும் தொட்றாதன்னு.”

கணினி விழித்தது. பெட்டி வந்தது. யாழ்மொழி அதை வாய்விட்டுப் படித்தார்.

“இதானுங்களா? இது ஒரு நிமிஷ வேலைதானுங்க்கா. தெனமும் எதுக்கு ‘பிறகு’ன்னே போட்டுட்டு இருக்கணும்? ஒருக்கா சரி பண்ணிட்டா நீங்க இவ்ளோ தூரம் அலைய வேண்டாமில்ல?”

“வேண்டாங்க.”

“இல்ல, தெரியாமத்தான் கேக்கறேன். சரி பண்ணா என்னங்க்கா ஆகும்?”

கோகிலவாணி திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

“எங்க ஊட்டுக்காரரு வேலை முடிச்சு ஊட்டுக்குப் போயிருவாருங்க.”

யாழ்மொழி அவரைத் திரும்பிப் பார்த்தார். மேற்கொண்டு ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தார். யாழ்மொழி அம்பை மெதுவாக நகர்த்தி ‘பிறகு’ என்பதை அழுத்தினார்.

“வர்றனுங்க,” என்று கோகிலவாணி எழுந்தார். வெளியே திருப்பூர் பஸ் புறப்படத் தயாராக நின்றிருந்தது.